கடல் தாண்டிப் போன அக்கா

பழவேற்காடு கடைத்தெருவில் நான் ஜெராக்ஸ் கடை போட்டு ஏழு வருஷம் ஆகிறது. ஆதார் திருத்தம், மீனவர் அட்டை, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் பள்ளிக்கூட புராஜெக்ட் என்று காகிதம் சம்பந்தப்பட்ட எந்த வேலையானாலும் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். அதனால் பெயர்களில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஒரு மனிதர் தன் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் முகம் மாறாமல் தட்டச்சு செய்துவிடுவேன்.

ஒரே ஒரு முறைதான் அடக்க முடியாமல் சிரித்தேன். அது ஒரு மாசி மாதக் காலை. எழுபதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தொப்பியும் துணிப்பையுமாகக் கடைக்கு வந்து, பாஸ்போர்ட்டை நீட்டி இரண்டு பிரதி கேட்டார். பொன்னேரியில் தங்கியிருந்த லாட்ஜில் கேட்டார்களாம். கண்ணாடியில் கவிழ்க்கும்போது பெயரைப் பார்த்தேன். முதலில் ஆங்கிலப் பெயர். கடைசியில் குடும்பப் பெயர். இரண்டுக்கும் நடுவில், ஏ, சி, சி, ஏ.

"மன்னிச்சுக்குங்க," என்றேன், என் கல்லூரி ஆங்கிலத்தில். "உங்கள் பெயரில் அக்கா என்று இருக்கிறது."

அவர் தொப்பியைக் கழற்றினார். "நீ எப்படி அதைச் சரியாக உச்சரிக்கிறாய்? எங்கள் ஊரில் எல்லோரும் 'ஆக்கர்' என்பார்கள். என் அம்மா மட்டும்தான் உன்னைப் போலச் சொல்வாள்."

"இது எங்கள் ஊர்ச் சொல்."

"சொல்லா? பெயர் இல்லையா?"

"அக்கா என்றால் மூத்த சகோதரி. கூடப் பிறந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அக்கா. மீன் விற்க வருகிறவர் அக்கா. என்னைவிடப் பெரியவர் என்பதால், நீங்களும் பாஸ்போர்ட் இல்லாமலே அக்காதான்."

அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழப்போகிறார் என்று பயந்தேன். பார்த்தால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "நான் அக்கா என்கிற ஒரு பெண்ணின் வம்சத்தைத் தேடிக்கொண்டு ஆறாயிரம் மைல் வந்திருக்கிறேன்," என்றார். "இப்போது யாரைப் போய்க் கேட்பது?"

முந்தின நாளிலிருந்தே அவர் அலைந்துகொண்டிருந்தார். பொன்னேரிக்கு டிக்கெட் எடுத்து, ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே அனுப்பம்பட்டில் இறங்கி, வெயிலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருக்கிறார். இன்று காலை திருப்பாலைவனம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கியதும், எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் வழக்கப்படி அவரை நேராக டச்சுக் கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். வெள்ளை முகத்தைக் கண்டால் கல்லறைக்குத்தான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. "என் ஆள் இங்கே சாகவில்லை. இங்கே சாப்பிட்டான்," என்று அவர் எவ்வளவோ சொல்லியும் ஆட்டோக்காரர் கேட்கவில்லையாம்.

அன்று கூட்டம் இல்லை. டீ வரவழைத்தேன். துணிப்பையிலிருந்து தடியான ஃபைல் ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தார்.

அவருடைய முன்னோர்கள் ஆஸ்திரேலியாவுக்கு இங்கிலாந்திலிருந்து போனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவன் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவன். குளிர்காலத்தில் வேலை இருக்காது, வேலை இல்லாவிட்டால் ரொட்டி இருக்காது. உழைக்கத் தெரிந்தவர்களுக்கு அரசாங்கமே கப்பலில் இலவசமாக இடம் கொடுத்தது. புறப்படுமுன் ஆளுக்கு எத்தனை சட்டை, எத்தனை ஜோடி செருப்பு என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலின் நகல் ஃபைலில் இருந்தது. கப்பலில் ஏறியவர்களின் பட்டியலும் இருந்தது. மனைவியின் பெயருக்கு எதிரே, 'படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது' என்று குறித்திருந்தார்கள். மூன்றரை மாதம் கடலில். போன இடத்தில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை. அங்கே பிறந்த மகன்தான் இவருடைய பாட்டியின் அம்மாவுக்கு அப்பா.

நான் அந்தக் காகிதங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எங்கள் ஜனம் ஏரியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற ஜனம். வலையும் படகும் எங்களுக்குக் கிடையாது. எத்தனை தலைமுறையாக இந்தக் கரையில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் தாத்தாவின் காகிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்த விண்ணப்பங்களை நிரப்புகிற நானே அதில் எத்தனை முறை தோற்றிருக்கிறேன். இங்கே ஒரு கூலிக்காரனின் சட்டைக் கணக்குகூடப் பத்திரமாக இருக்கிறது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பட்டியலை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அவர்கள் போய் வேலி போட்ட இடத்தில் முன்பே மனிதர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி என் ஃபைலில் ஒரு காகிதம்கூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்," என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த மகனுக்கு இருபத்திரண்டு வயதானபோது, மதராஸ் பட்டாளத்துக்கு விற்ற குதிரைகளோடு அவனையும் பராமரிப்புக்காகக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் மதராசுக்கு வந்து சேரவில்லை. பழவேற்காட்டுக்கு நேரே மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. அவன் பிழைத்து, சில வாரம் இங்கே கிடந்து, அப்போது தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை மதராஸ் போனதும் தபாலில் சேர்த்தான். ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு, முதல் பெண்ணுக்கு அக்கா என்று பெயர் வைத்தான். அன்று முதல் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பெண்ணுக்கு நடுப்பெயர் அக்கா.

கடிதத்தின் நகல் நான்கு தாளில் இருந்தது. பார்த்ததும் தலை சுற்றியது. காகிதத்தை மிச்சப்படுத்த அந்தக் காலத்தில் ஒரு வழக்கமாம். தாள் முழுக்க எழுதி முடித்ததும் அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்காகவே மறுபடியும் எழுதுவார்கள். பார்ப்பதற்கு நண்டு ஓடிய சேறு மாதிரி இருந்தது. நேராக எழுதியதை மட்டும் அவர்கள் குடும்பத்தில் படித்திருந்தார்கள். குறுக்காக எழுதியதில் அங்கங்கே 'அக்கா' என்கிற சொல்தான் பிடிபட்டிருந்தது.

"என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது," என்றேன். "பெரிதாக்கிப் பார்க்கலாம்."

மறுநாள் காலைக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா டீக்கடையில் ஒருவரிடம் சொன்னார், அவ்வளவுதான். பாலம் தாண்டிக் கடலோரக் குப்பத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆள் வந்தது. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரனைக் கடலிலிருந்து தூக்கியது தன் கொள்ளுத்தாத்தாதான் என்று ஒருவர் சொன்னார். மத்தியானத்துக்குள் ஐந்து கொள்ளுத்தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். எல்லோர் வீட்டிலும் அத்தாட்சி இருந்தது. எல்லாமே இப்போது இல்லாமலும் போயிருந்தது.

"எங்க வூட்ல அந்த ஆளோட பெல்ட்டு இருந்துச்சு. புயல்ல அடிச்சிக்கினு போயிடுச்சு."

"வெள்ளி பித்தான் ஒண்ணு எங்க ஆயா வச்சிக்கினு இருந்துச்சு. சுனாமில போச்சு."

"குதிர லாடம் இருந்துச்சும்மா. பழைய இரும்புக்குப் போட்டுட்டோம்."

கடைசியாகச் சொன்னவர் மட்டும் உண்மை சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். குப்பத்துத் தலைவர் நல்ல உயரமான மனிதர், கட்டையான மீசை. அவரே நேரில் வந்து, "நாளைக்கு சாயங்காலம் நம்ம குப்பத்துக்கு வரச் சொல்லு. எல்லாரும் கூடி உக்காந்து பேசிக்கலாம். அந்த லெட்டர அங்க படி," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றும் மறுநாள் காலையும் நாங்கள் இருவரும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தோம். தாளைத் திருப்பி, பெரிதாக்கி, நேர் வரிகளை மங்கலாக்கினால் குறுக்கு வரிகள் மெல்ல மேலே வந்தன. அவர் உரக்கப் படிப்பார். நான் தமிழில் எழுதிக்கொள்வேன். நடுவில் யாராவது ஆதார் பிரின்ட் கேட்டு வந்தால் நிறுத்துவோம். வந்தவரும் போகாமல் நின்று கேட்பார்.

மூன்றாம் தாளில் ஒரு வரி சிக்கிக்கொண்டது. 'அவள் கூடையைத் தன்' என்று வந்து, அடுத்த சொல் புரியவில்லை. அவர் ஒன்று சொன்னார், பொருந்தவில்லை. இன்னொன்று சொன்னார், அதுவும் இல்லை. நான் திரையில் முகத்தை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பல். 'தன் பல்லில்.'

அதற்குப் பிறகு வந்த வரிகளை அவர் படிக்கப் படிக்க நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். "சாயங்காலம் சொல்கிறேன்," என்றேன். எனக்கு ஒரு பயம் இருந்தது. அந்தக் குப்பத்தில் போய், அத்தனை பேர் நடுவில், இதை எப்படிப் படிப்பது?

சாயங்காலம் கிளம்பும்போது அம்மாவும் கூட வந்தாள். பாஸ்போர்ட்டில் அக்கா என்று வைத்திருக்கிற அம்மாளைப் பார்க்க வேண்டுமாம். ஏரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலை ஈரமாக இருந்தது. குப்பத்தில் வலை பழுது பார்க்கிற கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். விருந்தாளிக்கும் எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா கொட்டகைக்கு வெளியே, கவிழ்த்துப்போட்ட படகின் நிழலில் போய் உட்கார்ந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. அந்தக் குப்பத்துக்குப் போனால் எங்கள் ஜனம் உட்காருகிற தூரம் அதுதான். யாரும் சொல்லி வந்த வழக்கம் இல்லை, ஆனால் இருந்தது.

படிக்க ஆரம்பித்தேன்.

'அன்புள்ள அம்மா, நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மீதியை நிதானமாகப் படிப்பாய்.'

"நல்ல புள்ள," என்றாள் கூட்டத்தில் ஒரு பெண்.

விடியற்காலையில் கப்பல் தரை தட்டியது. குதிரைகளின் கயிறுகளை அறுத்துக் கடலில் இறக்கிவிட்டார்கள். அவன் ஒரு பெட்டைக் குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். அலையில் கை நழுவியது. 'அப்போது இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வந்ததைப் படகு என்று நீ சொல்ல மாட்டாய். மூன்று மரத்தைச் சேர்த்துக் கட்டிய விறகுக் கட்டு என்பாய். ஆனால் அலை அதை ஒன்றும் செய்யவில்லை. என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மேலே போட்டார்கள்.'

கொட்டகையில் விசில் பறந்தது. ஐந்து கொள்ளுத்தாத்தாக்களின் கொள்ளுப்பேரன்களும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். தலைவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். குதிரைகள் கரையேறிக் குப்பத்துக்குள் ஓடியதையும், கடல் சுறாவுக்கு அஞ்சாத ஆண்கள் குதிரையைக் கண்டு கூரைமேல் ஏறியதையும் படித்தபோது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு மூன்றாம் தாள் வந்தது. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

'எனக்குக் காய்ச்சல் கண்டதால் என்னை ஏரியின் உள்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நிழலும் நல்ல தண்ணீரும் உண்டு. ஒரு பெண்ணின் குடிசையில் விட்டார்கள். எல்லோரும் அவளை அக்கா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். என் துணி கிழிந்துபோனதால் அவள் சேலையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இதை அப்பாவிடம் சொல்லாதே. அக்காவுக்கு வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஒரு ஓலைக் கூடையைத் தன் பல்லில் கவ்விக்கொள்கிறாள். அந்த நேரத்தில் அவளால் பேச முடியாது. ஆனாலும் வெயிலில் நிற்காதே, போய்ப் படு என்று புருவத்தாலேயே என்னைத் திட்டிவிடுகிறாள்.'

நான் நிமிர்ந்தேன். ஒவ்வொருவராகத் திரும்பிப் படகுப் பக்கம் பார்த்தார்கள். அந்த ஏரிக்கரையில் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறால் தடவுகிறவர்கள் எங்கள் ஜனத்தைத் தவிர வேறு யாரும் இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு எதற்குத் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை.

"இன்னா?" என்றாள், புருவத்தைத் தூக்கி.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தலைவரின் மனைவிதான் முதலில் எழுந்தார். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்ப் படகுப் பக்கத்தில் போடாமல், கொட்டகை நடுவில், விருந்தாளிக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார். தலைவர் மீசையைத் தடவியபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி. கடல்லேர்ந்து தூக்கனது நாங்க. கஞ்சி ஊத்தனது அவங்க," என்றார். "பாதிப் பாதி. இன்னாம்மா, சரிதானே?"

"சேலையும் குடுத்துக்கீறோம்," என்றாள் அம்மா. "அத்தயும் சேத்துக்கோ."

எங்கள் ஜனம் அந்த ஏரியைச் சுற்றி, சுண்ணாம்புக்குளம் வரைக்கும் நாலைந்து இடங்களில் இருக்கிறது. அந்த அக்கா எந்தக் குடிசைக்காரி என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அதை விருந்தாளியிடம் விளக்கினேன். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. "அவன் யாரோ ஒருத்தியைத்தானே அக்கா என்றான்? நானும் அப்படியே செய்கிறேன்," என்று சொல்லி, அம்மாவைப் பார்த்து, தெளிவாக, "அக்கா" என்றார்.

"நீதான் எனக்கு அக்கா," என்றாள் அம்மா உடனே. "உனக்கு என்னவிட அஞ்சு வயசாச்சும் ஜாஸ்தி இருக்கும்." நான் மொழிபெயர்த்தேன். பிறகு இருவரும் விரல்களை மடக்கிக் காட்டி வயதைக் கணக்குப் போட்டார்கள். அம்மா சொன்னது சரிதான்.

மறுநாள் அவர் ஏரியில் இறங்க வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். சேற்றில் சிப்பி காலை அறுக்கும், கெளுத்தி முள் ஏறினால் அழுதாலும் தீராது. அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, நைனாவின் பழைய சட்டை ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டு, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். காலை வெயில் இதமாக இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இருவரும் மண்டியிட்டார்கள். அம்மா பறியை நீட்டினாள். அவர் ஆசையாகப் பல்லில் கவ்வினார். அடுத்த நொடி பறி தண்ணீரில் மிதந்தது, கூடவே மேல்வரிசைப் பல் செட்டும் விழுந்தது. நான் பதறிப்போய்த் துழாவி எடுத்தேன். அவர் பொக்கை வாயால் சிரித்த சிரிப்பில் தூரத்தில் நின்ற நாரைகள் கிளம்பிப் பறந்தன. அம்மா பறியை வாங்கி அவர் இடுப்பில் கட்டிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் அம்மா பறியில் பாதி நிறைந்தது. அவருக்கு ஒரு இறால் கிடைத்தது. அதுவும் அம்மா அவர் கைமேல் கை வைத்து, "அமுக்கு, அமுக்கு, உடாத," என்று சொன்னதால். ஆங்கிலத்தில் அதை நான் சொல்லி முடிக்குமுன் அவருக்குப் புரிந்துவிட்டது. இறாலின் கொம்பு குத்திய விரலை எல்லோரிடமும் காட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அந்த இறாலை மட்டும் தனியாக வறுத்துக் கொடுத்தாள் அம்மா. சாப்பிடும்போது, அவருடைய முன்னோர்கள் இங்கிலாந்தை விட்டுப் போன கதையை நான் அம்மாவுக்குச் சொன்னேன். கூலி வேலை, கப்பல், மூன்றரை மாதம், திரும்பியே வராதது எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணோட அம்மா எப்பிடி உட்டாங்களாம்?" என்றாள்.

"எதை?"

"திரும்பி வராத ஊருக்குப் பொண்ண அனுப்பிக்கிறாங்க இல்ல? அந்த அம்மா இன்னா சொன்னாங்கனு கேளு."

கேட்டேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். கப்பல் பெயர், தேதி, சட்டைக் கணக்கு எல்லாம் தேடியிருக்கிறார், அந்தத் தாயைப் பற்றி யோசித்ததே இல்லை என்றார். பிறகு, "இல்லை, ஒன்று இருக்கிறது," என்று எழுந்துபோய் ஃபைலைக் கொண்டுவந்தார். அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பாதிரியாரிடம் சொல்லி மகளுக்கு ஒரு கடிதம் எழுத வைத்திருக்கிறாள். அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதில் அழுகை எதுவும் இல்லை. கோழிகள் நன்றாக இருக்கின்றன, மூத்தவன் கால் உடைந்து சரியாகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி: 'அங்கே நல்ல உப்பு கிடைக்கிறதா? எழுது.'

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியான கேள்விதான் கேட்டுக்கிறாங்க," என்றாள். "கிடைச்சிதாமா?"

"பதில் கடிதம் இல்லை," என்றார் அவர். "ஆனால் கிடைத்தது. நிறையக் கிடைத்தது."

"அப்போ சரி," என்று சொல்லி அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவர் கிளம்பினார். குப்பத்திலிருந்து கருவாடு வந்தது. விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லியும் தலைவர் கேட்கவில்லை. அதைப் பொன்னேரி லாட்ஜ்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்.

கப்பலில் வந்த அந்தப் பையனின் கடிதத்தில் ஒரு நகலை நான் வைத்துக்கொண்டேன். அண்ணன் மகளின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் அந்த வருஷம் மறுபடியும் போனபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் தமிழில் எழுதி இணைத்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தார். "சட்டப்படி இது செல்லாதும்மா. ஆனா ரொம்ப நல்லாருக்கு," என்றார். ஏரிக்குள் போய் எங்கள் ஜனம் இறால் தடவுவதை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் வந்தது. அதற்குக் கடிதம் காரணமா, அவருடைய நல்ல மனசு காரணமா என்று இன்றுவரை தெரியாது.

சில மாதம் கழித்து ஆஸ்திரேலியாவில் அந்தப் பெண்மணியின் குடும்பத்தார் எல்லோரும் ஒரு நாள் ஒன்றுகூடினார்கள். வீடியோ அழைப்பில் என்னையும் அம்மாவையும் நைனாவையும் சேர்த்துக்கொண்டார்கள். கடையில் கணினி முன்னால் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். திரையில் ஒரு பெரிய மரத்தடி, முப்பது நாற்பது தலைகள். அக்கா என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டும். விளக்கினேன். ஒரு கிழவர் மட்டும் கோபமாக எழுந்தார். அது பைபிளில் வருகிற ஊர்ப் பெயர் என்று அவர் ஊர்ப் பத்திரிகையில் கட்டுரையே எழுதியிருக்கிறாராம். மற்றவர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கச்சிக்கு என்ன, தம்பிக்கு என்ன, மாமாவுக்கு என்ன என்று கேட்டார்கள். மாமா என்கிற சொல் அவர்களுக்கு அம்மாவைக் குறிக்குமாம். அதில் பத்து நிமிஷம் குழப்பம்.

கடைசியாக ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள். பாஸ்போர்ட் அக்காவின் பேத்தி. பெண் பிறந்தால் பிரச்சினை இல்லை, பெயர் தயாராக இருக்கிறது. பையன் பிறந்தால் என்ன வைப்பது என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நைனானு வைக்கச் சொல்லு."

விளையாட்டுக்குச் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் மொழிபெயர்த்தேன். ஐப்பசியில் ஒரு படம் வந்தது. சிவந்த முகத்தோடு ஒரு ஆண் குழந்தை. கீழே மூன்று பெயர் எழுதியிருந்தது, நடுவில் இருப்பதை எழுத்துக் கூட்டி நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் எழுந்து வெளியே போனார். அரை மணி கழித்துப் பார்த்தால் கடைத்தெருவில் ஒரு கிலோ மிக்சர் பொட்டலத்தோடு நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கை நிறையக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா நைனா விசேஷம்?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"ஆஸ்திரேலியாவுல ஒரு கொழந்தைக்கு என் பேர வச்சிக்கிறாங்க."

"உன் பேரு அது இல்லியே."

"நாப்பது வருஷமா என் வூட்ல அப்படித்தான் கூப்புட்றாங்க," என்றார் நைனா. "இந்தா, மிக்சர் துன்னு."